செக்கோயா பார்க்க எந்தத் தோப்புக்குப் போவது?

கலிஃபோர்னியாவுக்குப் போகிறோம், அந்த ராட்சத செக்கோயா மரங்களைப் பார்த்துவிடலாம் என்று கிளம்புகிறவர்களுக்கு உடனே வரும் கேள்வி, எங்கே போவது என்பதுதான். சியரா நெவாடா மலைத்தொடரின் மேற்குச் சரிவில் மட்டுமே இந்த மரம் தானாக வளர்கிறது. அங்கும் காடு முழுக்க இல்லை. ஏறக்குறைய 5,000 அடியிலிருந்து 7,000 அடி வரையான உயரத்தில், திட்டுத் திட்டாக எழுபது எண்பது தோப்புகள். அவற்றில் பலவற்றுக்கு நல்ல சாலைகூடக் கிடையாது. காரில் போய் இறங்கி, பெரியவர்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு நடக்கத் தோதானவை ஐந்தாறு தேறும்.

அதற்கு முன் ஒன்றைக் கழித்துவிடலாம். சான் பிரான்சிஸ்கோ பக்கம் இருப்பவர்கள் சிலர், "மியூர் வுட்ஸ் போனோம், செக்கோயா பார்த்தாச்சு" என்பார்கள். அங்கே இருப்பது கடலோர ரெட்வுட். ஒரே குடும்பம், ஆனால் வேறு மரம். அது ஒல்லியாக உயர்ந்துகொண்டே போகும். உலகின் மிக உயரமான மரம் அந்த வகைதான், 380 அடியைத் தொடுகிறது. செக்கோயா உயரத்தில் அதனிடம் தோற்றுவிடும். ஆனால் ஒரே தண்டில் இவ்வளவு மரத்தைத் திரட்டி வைத்திருப்பதில் அதற்கு இணை கிடையாது. மியூர் வுட்ஸ் அழகான இடம்தான், நகரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், கார் நிறுத்த முன்பதிவு மட்டும் கட்டாயம். அரை நாள்தான் கையில் இருக்கிறது என்றால் தாராளமாகப் போங்கள். செக்கோயா கணக்கில் மட்டும் அதைச் சேர்க்காதீர்கள்.

சரி, மீதி இடங்களில் எது? எல்லோரும் முதலில் கேட்பது "பெரிய மரம் எங்கே இருக்கிறது" என்றுதான். என் பார்வையில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. நன்றாக முதிர்ந்த எந்தச் செக்கோயாவின் கீழே நின்றாலும் கழுத்து வலிக்கும். உலகின் முதல் பெரிய மரத்துக்கும் இருபதாவது பெரிய மரத்துக்கும் உள்ள வித்தியாசம் அளவு நாடாவுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்கும் காலுக்கும் தெரிகிற வித்தியாசங்கள் வேறு: எவ்வளவு தூரம் கார் ஓட்ட வேண்டும், இறங்கிய பிறகு எவ்வளவு நடை, அதில் ஏற்றம் எவ்வளவு, எத்தனை பேர் நடுவில் நின்று பார்க்க வேண்டும்.

2026-லிருந்து காசும் ஒரு விஷயமாகிவிட்டது. அமெரிக்காவில் வசிக்காத, 16 வயது நிரம்பிய வெளிநாட்டவருக்குப் பதினொரு பெரிய தேசியப் பூங்காக்களில் ஆளுக்கு 100 டாலர் கூடுதல் கட்டணம் அறிவித்திருக்கிறார்கள். யோசெமிட்டி, செக்கோயா–கிங்ஸ் கேன்யன் இரண்டுமே அந்தப் பட்டியலில் உண்டு. வெளிநாட்டவருக்கான வருட அட்டை 250 டாலர். அதை எடுத்தால் இந்த நூறு கிடையாது. கோடை விடுமுறைக்கு ஊரிலிருந்து அப்பா அம்மாவோ மாமனார் மாமியாரோ வந்து தங்குகிற வீடுகளில் இது சின்னத் தொகை இல்லை. விதிகள் மாறிக்கொண்டிருக்கும், ஆகவே கிளம்பும் முன் பூங்காவின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மாநிலப் பூங்காவுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஜயன்ட் ஃபாரஸ்ட்

வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் என்றால் செக்கோயா தேசியப் பூங்காவில் இருக்கும் ஜயன்ட் ஃபாரஸ்ட்டுக்குப் போங்கள். இதில் எனக்குத் தயக்கம் இல்லை. உலகின் மிகப் பெரிய மரம் என்ற பெயர் பெற்ற ஜெனரல் ஷெர்மன் இங்கேதான் நிற்கிறது: உயரம் 275 அடி, அடியில் குறுக்களவு 36 அடி, மொத்தத் தண்டு 52,500 கன அடி. வயது சுமார் 2,200 என்கிறார்கள். ஆனால் நான் இந்த இடத்தைச் சொல்வது ஷெர்மனுக்காக இல்லை. மற்ற இடங்களில் நாலைந்து பெரிய மரங்களைத் தேடிப் போய்ப் பார்க்கிறோம். இங்கே அவற்றின் நடுவில் மணிக்கணக்காக நடக்கலாம்.

ஷெர்மனைப் பார்க்க மேலே காரை நிறுத்திவிட்டு அரை மைல் இறங்க வேண்டும், படிகளும் உண்டு. இறங்குவது சுகம். திரும்பி ஏறும்போது கிட்டத்தட்ட 7,000 அடி உயரத்தில் இருக்கிறோம் என்பது நினைவுக்கு வரும். ஊரில் தினமும் நடைப்பயிற்சி போகிறவர்களுக்கே மூச்சு வாங்கும். வழியில் பெஞ்சுகள் இருக்கின்றன, வெட்கப்படாமல் உட்காரலாம். கோடையில் இலவச ஷட்டில் பேருந்து ஓடும். கீழே சாலையோர நிறுத்தத்தில் ஏறிக்கொண்டால் அந்த ஏற்றத்தைத் தவிர்த்துவிடலாம். மாற்றுத்திறனாளி அட்டை உள்ள கார்களுக்கும் கீழேயே தனி இடம் உண்டு.

ஷெர்மன் முன்னால் எப்போதும் படம் எடுக்க வரிசை நிற்கும். அதோடு திரும்பிவிடுகிறவர்கள்தான் பெரும்பாலும். அங்கிருந்தே காங்கிரஸ் டிரெயில் என்ற தார் போட்ட வட்டப் பாதை தொடங்குகிறது, இரண்டு மூன்று மைல். பத்து நிமிடம் நடந்தால் கூட்டம் கரைந்துவிடும். செனட், ஹவுஸ் என்று பெயர் வைத்த மரக் கூட்டங்கள், 3,200 வயது சொல்லப்படும் பிரசிடென்ட் மரம் எல்லாம் இந்தப் பாதையில்தான். அந்த நடை முடியாதவர்களுக்கு ஜயன்ட் ஃபாரஸ்ட் அருங்காட்சியகத்தின் எதிரே பிக் ட்ரீஸ் டிரெயில் இருக்கிறது. ஒரு புல்வெளியைச் சுற்றி முக்கால் மைல், ஏற்றமே இல்லாத பாதை, சக்கர நாற்காலி போகும். புல்வெளி திறந்து கிடப்பதால் மரத்தை அடியிலிருந்து நுனி வரை ஒரே பார்வையில் பார்க்க முடிகிறது. அடர்ந்த காட்டுக்குள் இது நடக்காது. முட்டி வலி உள்ளவர்களோடு போகிறீர்கள் என்றால் ஷெர்மனைக்கூட விட்டுவிடலாம், இதை விடாதீர்கள்.

அப்புறம் மோரோ பாறை: 350-க்கும் மேற்பட்ட படிகள், மேலே ஏறினால் சியராவின் முகடுகள் வரிசையாகத் தெரியும். கிரெசன்ட் மெடோ என்ற புல்வெளிப் பக்கம் நடந்தால், விழுந்த மரத்தின் பொந்தையே வீடாக்கி ஹேல் தார்ப் என்பவர் வாழ்ந்த இடத்துக்குப் போகலாம். டனல் லாக் பார்க்கக் குழந்தைகள் அடம்பிடிப்பார்கள். 1937-இல் சாலைக்குக் குறுக்கே விழுந்த மரத்தில் மறு வருடம் கார் போகிற அளவுக்கு ஓட்டை வெட்டினார்கள். இன்றைக்குச் செக்கோயாவுக்குள் காரோடு நுழைய வேண்டும் என்றால் இந்தப் படுத்த மரம்தான். யோசெமிட்டியில் நின்றபடியே கார்களை விட்டுக்கொண்டிருந்த வவோனா மரம் 1969-இலேயே சாய்ந்துவிட்டது. பழைய படங்களைப் பார்த்துவிட்டு அதைக் கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இனி குறைகள். தெற்கே திரீ ரிவர்ஸ் ஊரிலிருந்து மேலே ஏறும் ஜெனரல்ஸ் ஹைவே கொண்டை ஊசி வளைவுகளாலேயே ஆனது. 22 அடிக்கு மேல் நீளமான வண்டிகள் வேண்டாம் என்று பூங்காவே சொல்கிறது. வண்டியில் வாந்தி எடுக்கிற குழந்தை இருந்தால் ஃப்ரெஸ்னோவிலிருந்து 180-ஆம் எண் சாலையில் ஏறி கிராண்ட் குரோவ் வழியாக வாருங்கள். நேரம் கூடும், வயிறு பிழைக்கும். பூங்காவுக்குள் பெட்ரோல் கிடையாது. தங்க ஒரு காலத்தில் தோப்புக்கு நடுவிலேயே விடுதிகளும் கடைகளும் இருந்தன. மரத்தின் வேர் ஆழம் போகாமல் மேலாகப் படர்வது. மேலே கட்டடமும் தாருமாக அழுத்தினால் அது தாங்காது என்று 1990-களின் கடைசியில் இருநூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களை இடித்து எடுத்தார்கள். இப்போது சில மைல் தள்ளி வுக்சாச்சி விடுதி இருக்கிறது, இல்லையென்றால் கீழே திரீ ரிவர்ஸ். சான் ஹோசேயிலிருந்தோ லாஸ் ஏஞ்சலஸிலிருந்தோ காலையில் கிளம்பி இரவு திரும்பிவிடலாம் என்று திட்டம் போடாதீர்கள். ஓட்டுகிறவர் மரம் பார்க்க மாட்டார். இரண்டு இரவு தங்கினால்தான் இந்த இடத்துக்கு நியாயம்.

கிராண்ட் குரோவ்

அங்கிருந்து வடக்கே காரில் சுமார் ஒரு மணி நேரத்தில் கிங்ஸ் கேன்யன் பூங்காவின் கிராண்ட் குரோவ். ஒரே நுழைவுச் சீட்டு இரண்டுக்கும் செல்லும். ஃப்ரெஸ்னோவிலிருந்து வருகிறவர்களுக்கு இதுதான் முதலில் வரும். ஜெனரல் கிராண்ட் மரம் 268 அடி. 1926-இல் அமெரிக்காவின் கிறிஸ்துமஸ் மரம் என்று அதற்குப் பட்டம் கொடுத்தார்கள். பாதை தார் போட்டது, ஒரு மைலில் மூன்றில் ஒரு பங்குதான், ஏற்றம் லேசானது. பாதையிலேயே ஃபாலன் மோனார்க் என்ற விழுந்த மரம் கிடக்கிறது, உள்ளே கூடாக. தலை குனியாமல் அதற்குள் நடந்து மறுபக்கம் வரலாம். அந்தப் பொந்து வீடாக இருந்திருக்கிறது, சாராயக் கடையாக இருந்திருக்கிறது, குதிரைப்படையின் லாயமாகவும் இருந்திருக்கிறது. நிற்கிற மரத்தைவிட விழுந்த மரம்தான் அளவைப் புரியவைக்கும். நிற்கும் மரங்களைச் சுற்றி இருப்பவையும் பெரியவை என்பதால் கொஞ்ச நேரத்தில் கண் பழகி ஏமாந்துவிடும்.

இந்தப் பக்கத்தில் எனக்குப் பிடித்தது இன்னொரு விஷயம், பலர் காரை நிறுத்தாமல் தாண்டிப் போவது: வெட்டிய அடிக்கட்டைகள். 1875-இல் ஒரு மரத்தை வெட்டி, துண்டு துண்டாக ரயிலில் ஏற்றி, அடுத்த வருடம் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியில் ஒட்டவைத்துக் காட்டினார்கள். பார்த்தவர்கள் நம்பவில்லை, பல மரங்களைச் சேர்த்து ஒட்டிய கலிஃபோர்னியா மோசடி என்று சிரித்தார்கள். அதன் அடிக்கட்டை கிராண்ட் மரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பூங்கா நுழைவாயிலை ஒட்டிய பிக் ஸ்டம்ப் பாதையில் மார்க் ட்வைன் பெயர் வைத்த மரத்தின் கட்டை உண்டு. 1891-இல் அதை வெட்டி ஒரு வட்டை நியூயார்க்குக்கும் இன்னொன்றை லண்டனுக்கும் அனுப்பினார்கள். இரண்டும் இன்றும் அங்குள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. இன்னும் வடக்கே கான்வெர்ஸ் பேசின். ஒரு காலத்தில் பெரிய தோப்புகளில் ஒன்று, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஏறக்குறைய மொத்தமாக வெட்டப்பட்டது. கொடுமை என்னவென்றால் செக்கோயாவின் கட்டை சுலபமாக உடையக்கூடியது. விழுந்த வேகத்தில் பாதி சிதறிப்போகும். மிச்சம் வேலிக் கம்பமாகவும் கூரைப் பலகையாகவும் போனது. மிச்சம் விட்ட பூல் மரம் மட்டும் இன்றும் அங்கே நிற்கிறது. மண் சாலை, கொஞ்சம் ஏற்றமான நடை. உடம்பில் தெம்பிருப்பவர்களுக்கு மட்டும்.

நேரம் குறைவு, நடை குறைவு, ஆனால் தேசியப் பூங்காதான் வேண்டும் என்றால் கிராண்ட் குரோவ் போதும்.

மரிபோசா

யோசெமிட்டியின் தெற்கு வாசலில் இருக்கும் மரிபோசா தோப்பில் முதிர்ந்த செக்கோயாக்கள் ஐந்நூறுக்கு மேல். வரலாற்றில் இதற்கு முதல் மரியாதை: 1864 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, லிங்கன் கையெழுத்திட்ட சட்டம் யோசெமிட்டி பள்ளத்தாக்கையும் இந்தத் தோப்பையும் மக்களுக்காக ஒதுக்கியது. தேசியப் பூங்கா என்ற ஏற்பாடே அதற்குப் பிறகு வந்ததுதான். 2015 முதல் 2018 வரை மூடி, உள்ளே இருந்த தாரையும் டிராம் வண்டியையும் எடுத்துவிட்டார்கள். அதனால் இப்போது காரை இரண்டு மைல் முன்னாலேயே நிறுத்தி ஷட்டிலில் ஏற வேண்டும். பனிக்காலத்தில் ஷட்டில் கிடையாது. அந்த இரண்டு மைலும் ஏற்றத்தில் நடைதான், திரும்பவும் அப்படியே.

உள்ளே போனால் மூன்றில் ஒரு பங்கு மைல் உள்ள சமமான பாதை ஒன்று, கிரிஸ்லி ஜயன்ட் வரை போய்வரும் இரண்டு மைல் பாதை இன்னொன்று. கிரிஸ்லி ஜயன்ட் 209 அடிதான், ஷெர்மனைவிடக் குள்ளம். ஆனால் வயது மூவாயிரத்தை ஒட்டியது, ஒரு கிளையே ஆறேழு அடி பருமன். இடிவிழுந்து, சாய்ந்து, முறுக்கிக்கொண்டு நிற்கிறது. முகம் பார்த்து அடையாளம் சொல்லக்கூடிய செக்கோயா என்றால் எனக்கு அதுதான். பக்கத்திலேயே 1895-இல் குடைந்த கலிஃபோர்னியா டனல் மரம். நின்றுகொண்டு உயிரோடு இருக்கிறது, அதன் வழியாக நடக்கலாம்.

யோசெமிட்டிக்கு எப்படியும் போகிறீர்கள் என்றால் மரிபோசாவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஷட்டிலும் நடையும் சேர்ந்தால் அரை நாள் போய்விடும். ஒரே நாளில் அருவிகளையும் தோப்பையும் பார்க்க நினைத்தால் இரண்டும் அரைகுறையாகத்தான் முடியும். பூங்காவின் வடமேற்கில் டுவாலமி, மெர்செட் என்று இரண்டு சின்னத் தோப்புகள் உண்டு. ஒவ்வொன்றிலும் இருபது இருபத்தைந்து பெரிய மரங்கள்தான். போகும்போது இறக்கம், வரும்போது சுமார் ஐந்நூறு அடி ஏற்றம். கூட்டம் குறைவு என்பதைத் தவிர சிறப்பாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

கலவெராஸ்

சான் ஹோசே, ஃப்ரீமான்ட் பக்கம் இருப்பவர்கள் பெற்றோரோடு ஒரே நாளில் போய்வர வேண்டும் என்றால் நான் சொல்வது கலவெராஸ் பிக் ட்ரீஸ் மாநிலப் பூங்கா. அர்னால்ட் ஊருக்குப் பக்கத்தில், 4-ஆம் எண் நெடுஞ்சாலையில். இரண்டரை மூன்று மணி நேரம் ஓட்டினால் போதும். காருக்குப் பத்துப் பன்னிரண்டு டாலர், வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டுக்குத் தனிக் கணக்கு இல்லை. வடக்குத் தோப்பின் பாதை ஒன்றரை மைலுக்குச் சற்று மேல், பெரும்பாலும் சமதளம். கார் நிறுத்துமிடத்திலிருந்தே தொடங்கிவிடுகிறது. உயரமும் 5,000 அடிக்குள், மூச்சுத் தொந்தரவு குறைவு.

இங்கே உலகின் பெரிய மரம் எதுவும் இல்லை. ஆனால் செக்கோயா உலகத்துக்குத் தெரிந்ததும், மனிதர்கள் அதற்கு முதலில் செய்த அட்டூழியமும் இங்கிருந்துதான். அந்தப் பகுதியின் பழங்குடிகளான மிவோக் மக்கள் காலம் காலமாக அறிந்திருந்த தோப்பில், 1852-இல் அகஸ்டஸ் டவுட் என்ற வேட்டைக்காரர் அடிபட்ட கரடியைத் துரத்திக்கொண்டு நுழைந்தார். திரும்பிப் போய்ச் சொன்னதை யாரும் நம்பவில்லை. மறு வருடமே அவர் பார்த்த மரத்தைச் சாய்த்தார்கள். அதற்கேற்ற ரம்பம் இல்லாததால் துளைபோடும் கருவிகளால் சுற்றிலும் துளைத்து, ஐந்து பேர், 22 நாட்கள். அடிக்கட்டையின் மேல் நடனம் ஆடினார்கள். அந்தக் கட்டை இன்றும் இருக்கிறது, படியேறி அதன் மேல் நிற்கலாம். 1854-இல் இன்னொரு மரத்தின் பட்டையை நூறு அடிக்கும் மேலாக உரித்தெடுத்து நியூயார்க்கிலும் லண்டனிலும் காட்டினார்கள். உரித்த மரம் செத்தது. கறுத்த எலும்புக்கூடாக இப்போதும் பாதையோரம் நிற்கிறது. குழந்தைகளிடம் விளக்கிச் சொல்லக் கொஞ்சம் யோசிக்க வேண்டிய இடம்.

இங்கிருந்த ஓட்டை மரம் 2017 ஜனவரிப் புயலில் விழுந்துவிட்டது. அதன் படத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஏமாற வேண்டாம். நடக்கத் தெம்பிருந்தால் தெற்குத் தோப்புக்குப் போங்கள்: போய்வர ஐந்து மைல், ஆயிரம் மரங்கள் வரை, ஆள் நடமாட்டம் குறைவு. வடக்குத் தோப்பு வருடம் முழுவதும் திறந்திருக்கும். தெற்குக்குப் போகும் சாலையைப் பனிக்காலத்தில் மூடிவிடுவார்கள்.

லாஸ் ஏஞ்சலஸ்காரர்களுக்கு இதற்கு இணையானது செக்கோயா தேசிய வனத்தில் இருக்கும் டிரெயில் ஆஃப் 100 ஜயன்ட்ஸ். சின்னப் பாதை, பெரும்பாலும் தார் போட்டது. 2000 ஏப்ரலில் கிளின்டன் இந்த வனப்பகுதியைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது இங்கே வைத்துத்தான். கடைசி நீட்சியில் சாலை நெளிந்து நெளிந்து போகும், சுற்றிலும் கடை கண்ணி கிடையாது. சோறு கட்டிக்கொண்டு போங்கள்.

தீயும் காலமும்

எங்கே போனாலும் கருகிய காட்டைக் கடந்துதான் போவீர்கள். செக்கோயாவுக்கும் நெருப்புக்கும் பழைய உறவு. தேங்காய் நார் போன்ற பட்டை இரண்டு அடி வரை கனமாக இருந்து தண்டைக் காக்கிறது. தரையில் தவழும் தீயின் சூட்டில்தான் காய்கள் விரிந்து விதை கொட்டுகிறது. ஆகவே மரத்தடியில் கரிக் குகை தெரிந்தால் பதற வேண்டாம், அந்த மரம் நலமாகவே இருக்கலாம். நூறு வருடமாகச் சின்னத் தீயையெல்லாம் அணைத்து அணைத்து விறகு சேர்ந்துபோக, வறட்சியும் சேர, 2020, 2021 தீக்கள் நுனி வரை எரித்தன. பெரிய செக்கோயாக்களில் ஐந்தில் ஒரு பங்கு வரை அந்த இரண்டு வருடங்களில் போயிருக்கும் என்பது மதிப்பீடு. ஷெர்மனின் அடியை அலுமினியத் தாளால் சுற்றிக் காத்தது அப்போதுதான். ஜயன்ட் ஃபாரஸ்ட் தப்பியதற்கு அந்தத் தாளைவிட, பல வருடங்களாக அங்கே திட்டமிட்டு வைத்த சின்னச் சின்னத் தீக்கள்தான் முக்கியக் காரணம். கிராண்ட் குரோவுக்கும் ஜயன்ட் ஃபாரஸ்ட்டுக்கும் இடையே இருக்கும் ரெட்வுட் மவுன்டன் தோப்புக்கு அந்த அதிர்ஷ்டம் முழுதாக வாய்க்கவில்லை. முதல் முறை போகிறவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

காலத்தைப் பொறுத்தவரை, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை எல்லாம் திறந்திருக்கும், கூட்டமும் இருக்கும். ஷெர்மனுக்குக் காலை ஒன்பதுக்கு முன்னால் போய்விட்டால் கார் நிறுத்த இடம் கிடைக்கும். செப்டம்பர், அக்டோபரில் கூட்டம் வடிந்துவிடும். ஆனால் அதுதான் தீக்காலமும்கூட, போகும் வாரத்தில் புகை நிலவரம் பார்க்காமல் விடுதிக்குப் பணம் கட்டாதீர்கள், திருப்பித் தருவார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பனிக்காலத்தில் சிவப்புத் தண்டும் வெள்ளைத் தரையும் பார்க்க ஆசை என்றால் கலவெராஸ் அல்லது கிராண்ட் குரோவ். டயருக்குச் சங்கிலி கையில் இருக்க வேண்டும், நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியாக இருந்தாலும்கூட. கிராண்ட் குரோவிலிருந்து ஜயன்ட் ஃபாரஸ்ட் போகும் சாலையைப் பனி விழுந்தால் மூடிவிடுவார்கள். மலையில் கைபேசி அலைவரிசை பெரும்பாலும் கிடைக்காது என்பதால், அது திறந்திருக்கிறதா என்பதை ஃப்ரெஸ்னோவைத் தாண்டுவதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது.